கீழே வைத்த தேத்தண்ணி

பெரியப்பா வீட்டு ஹோலில், பழுப்புக் கார்ப்பெட்டின் மேல், ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதை அங்கே வைத்தவர் எங்கள் பின்வீட்டுக்காரர் அபு சாலிம்.

பெரியம்மா இஞ்சி தட்டிப் போட்டு, பால் கூட விட்டு ஊற்றின தேத்தண்ணி அது. மனிசன் வலக்கையால் வாங்கினார். மற்றக் கையை நெஞ்சில் வைத்து நன்றி சொன்னார். பக்கத்திலேயே சின்ன மேசை இருந்தது. அதில் வைக்கவில்லை. குனிந்து தன் காலுக்கு முன்னால் நிலத்தில் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்து, பெரியப்பாவின் முகத்தையே பார்த்தார்.

“ட்ரிங்க், ட்ரிங்க்” என்று பெரியப்பா கையைக் காட்டினார்.

அபு சாலிம் ஓம் என்றும் தலையை ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

“சீனி காணாதோ தெரியேல்ல” என்று பெரியம்மா என் காதுக்குள் சொன்னார்.

“சீனி காணும் பெரியம்மா.”

“அப்ப ஏன் குடிக்கிறாரில்ல? எங்கட வீட்டில குடிக்கக் கூடாதாமோ?”

எங்கள் வீட்டு ஆட்களில், அந்தக் கோப்பை ஏன் நிலத்தில் இருக்கிறது என்று தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

அப்பாவை அடக்கம் செய்ததைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதை வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா ஒக்லாந்தில், சான்ட்ரிங்ஹாம் என்கிற இடத்தில் ஒரு பேக்கரியில் விடியற்காலை வேலை செய்தார். ஒரு நாள் மாப் பிசைகிற மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்தார். எழும்பவில்லை. அம்மாவை மன்னாரிலேயே, நாங்கள் வெளிக்கிட முதலே, இழந்துவிட்டோம். மிஞ்சினது நானும் தம்பி அன்டனும்.

அன்டனுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். டவுன் சின்ட்ரோம் என்று இங்கே டொக்டர் பேர் சொன்னார். ஊரில் அதற்குப் பேர் இல்லை, “அந்தப் பிள்ளை” என்பார்கள். அவனுக்குக் கொஞ்சச் சொற்கள்தான். அக்கா, அப்பா, பாண், ஆடு, காணும். இருக்கிற சொற்களை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

அப்பா போனபிறகு “அப்பா” என்ற சொல்லை அவன் சொல்வதில்லை. பெரியப்பா வீட்டுக்கு எங்களோடு வந்த அப்பாவின் ஜாக்கெட் கதவுக்குப் பின்னால் தொங்கும். அதன் கைக்குள் தன் கையை விட்டுக்கொண்டு நிற்பான். மாவும் ஈஸ்டும் மணக்கும் ஜாக்கெட் அது. நானும் மற்றக் கைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒளிப்பானேன்.

ரயில் முடிகிற இடம்

அடக்கம் முடிந்த கையோடு பெரியப்பா எங்கள் இரண்டு பேரையும் தன் வானில் ஏற்றி, தான் இருக்கிற பாபகூராவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்பாவின் மூத்த அண்ணன் அவர். எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான். கெட்ட மனிசன் இல்லை. அதை முதலே எழுதிவிடுகிறேன், பிறகு ஒருவரும் அவரைப் பிழையாக நினைக்கக் கூடாது.

வந்த அன்றே அவர் செய்த முதல் வேலை, அன்டனின் சப்பாத்து நாடாவில் கட்டியிருந்த சின்ன மணியை அவிழ்த்ததுதான். “சனம் சிரிக்கும்” என்று மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். அந்த மணி எங்கிருந்து வந்தது என்று பிறகு சொல்கிறேன். அன்டன் அன்று முழுக்கச் சப்பாத்தைக் கழற்றாமல் காலை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். சத்தம் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த சனமெல்லாம் போனபிறகு, பெரியப்பா குசினி வாசலில் நின்று சொன்னார்.

“ஜெனி, நான் எல்லாம் கதைச்சிட்டன். தெற்கால ஒரு ஹோம் இருக்கு. காரில அரைநாள் ஓட்டம். அவனை மாதிரிப் பிள்ளையள்தான் அங்க. நல்லாப் பாப்பினமாம்.”

“அவனை மாதிரி எண்டா?”

“விளங்காத மாதிரிக் கேக்காத பிள்ளை.”

“அவன் என்னோட சான்ட்ரிங்ஹாமில இருப்பான்.”

“நீ வேலைக்குப் போனா ஆர் பாக்கிறது? உனக்கே இன்னும் இருபது நிறையேல்ல. பெரியம்மாவுக்கு நாரி நோ, தூக்கிப் பறிக்க ஏலாது. நாளைக்கு உனக்கொரு கலியாணம் காட்சி வேண்டாமோ? இவனை இடுப்பில கட்டிக்கொண்டு நிண்டா ஆர் வருவான்?”

“வராட்டி விடுங்கோ.”

“வாயைப் பார். அச்சொட்டா ஜெனிட அப்பன்தான்” என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய் ஃபோனை எடுத்தார். “ஜெனீஸ் ஃபாதர்ஸ் பிரதர் ஸ்பீக்கிங்” என்று தொடங்கினார். வெல்ஃபெயரில் இருந்து ஒரு வெள்ளைக்கார மனிசி அடுத்த திங்கள் வருவதாக முடிவாயிற்று. பெரியப்பா அவளிடம் ஓம் என்றால் அன்டன் போவான். அவ்வளவுதான்.

எனக்கு ஒரு வழி இருந்தது, பாதி வழி. பேக்கரி முதலாளி அப்பாவின் வேலையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் வாடகை கட்டலாம். ஆனால் அது விடிய முதலே தொடங்குகிற வேலை. அன்டனை ஏற்றப் பள்ளிக்கூட வான் வருவது எவ்வளவோ பிந்தி. அப்பா இருந்தபோது காலையில் அவனோடு நான் இருந்தேன். இனி நான் போனால் அவனோடு யார்? பெரியப்பா அந்த ஓட்டைக்குள்தான் விரலை விட்டார்.

ஒரு நாள் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து நூராவுக்கு ஃபோன் எடுத்து அழுதேன். நூரா அபு சாலிமின் மூத்த மகள், என் வயது. இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான், ஆனாலும் அழுவதற்கு அது காணும். எல்லாம் கேட்டுவிட்டு, “பாபகூரா எங்கே?” என்றாள்.

“ரயில் முடியிற இடம். ஸ்டேஷனுக்கு நேர றோட்டு. நீல லெட்டர் பொக்ஸ்.”

அடுத்த நாள் வெள்ளி. பெரியப்பாவுக்கு இரவு ஷிஃப்ட், பகலில் வீட்டில்தான். மத்தியானம் றோட்டில் ஒரு மணிச் சத்தம் கேட்டது. ஜன்னலடியில் இருந்த அன்டன் துள்ளி எழும்பினான்.

ஆடு வந்துவிட்டது

அந்தச் சத்தத்தை முதல் தரம் கேட்டது சான்ட்ரிங்ஹாம் வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில். முன் வீடு எங்களுக்கு, பின் வீடு அவர்களுக்கு, நடுவில் ஒரே ஒரு கொங்கிரீட் பாதை. விடியப்புறம் டிங் டிங் என்று கேட்டதும் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

“ஜெனி, மரக்கறிப் பாத்திக்க ஆடு வந்திட்டுதடி!”

ஆடில்லை. ஒரு பொடியன் நின்றான். ஜாக்கெட் ஸிப்பில் ஒரு பித்தளை மணி. அவனுக்குப் பின்னால் கறுப்பு மேலங்கி போட்ட நெட்டையான ஒரு மனிசன் ஓடிவந்தார். அப்பாவின் சாரத்தைப் பார்த்தார். அப்பா அவருடைய மேலங்கியைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அவர்கள் பெதூயின் ஆட்கள். ஈராக் பக்கம் பாலைவனத்தில் கூடாரம் அடித்து ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள். அங்கே சண்டை வந்து, முகாமில் சில வருஷம் கிடந்து, பிறகு இங்கே. எங்கள் கதைதான், கடலுக்குப் பதிலாக மணல்.

சாலிம் மூத்த மகன். அன்டனை விட இரண்டு மூன்று வயது கூட, ஆனால் பார்த்தால் சின்னவன். கதைக்கமாட்டான். வளர்ச்சி பிந்தின பிள்ளை. டொக்டர்மார் நீளமாக ஏதோ பேர் சொன்னார்களாம், தகப்பன் அதைப் பாடமாக்கவே இல்லை என்று நூரா சொல்வாள். அவனுடைய பிரச்சினை நடை. கதவு திறந்தால் நேரே நடப்பான். ஏதாவது மறிக்கும்வரை நடப்பான். பாலைவனத்தில் மறிக்க என்ன இருக்கிறது? அதனால் தகப்பன் அந்த நாளில் ஆட்டின் கழுத்து மணியை அவன் இடுப்பில் கட்டிவிட்டார். முகாமுக்கு ஓடும்போது கூடாரத்தை விட்டார்களாம், மணியை விடவில்லையாம்.

அன்டன் தொலைகிற பிள்ளை இல்லை. ஆனாலும் தனக்கும் மணி வேண்டும் என்று சப்பாத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். அபு சாலிம் எங்கேயோ தேடி ஒரு சின்ன மணி வாங்கிவந்து நாடாவில் கோத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் பாதையில் எப்போதும் இரண்டு சத்தம்.

அப்பா குடித்த கோப்பி

அப்பாவையும் அன்டனையும் என்னையும் அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நிலத்தில் மெத்தை, சுவரோடு தலையணை. சாலிம்தான் கோப்பி ஊற்றினான். சேர்ட் பொத்தான் போடத் தெரியாத பிள்ளை. இடக்கையில் மூக்கு நீண்ட பாத்திரம், வலக்கையில் பிடியில்லாத சின்னக் கோப்பை, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினான். விருந்தாளிக்குக் கோப்பி ஊற்றுகிறவன் வீட்டின் மூத்த மகன். மகனால் ஏலாது என்று அந்த இடத்தைத் தகப்பன் வேறு ஒருவருக்கும் கொடுக்கவில்லை. வருஷக்கணக்காகப் பழக்கியிருக்கிறார், முதலில் தண்ணீரை வைத்து.

கோப்பி நல்ல கசப்பு. ஏலக்காய் மணம். சீனி இல்லை. அப்பா முகத்தைச் சுளிக்காமல் விழுங்கிவிட்டுக் கோப்பையை நீட்டினார். சாலிம் ஊற்றினான். அப்பா குடித்தார். ஊற்றினான்.

“காணும் தம்பி” என்றார் அப்பா.

ஊற்றினான்.

“காணும், காணும்!” என்று அன்டன் கையைத் தட்டிச் சிரித்தான். அவனுக்கு நல்ல பகிடி. அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. குசினியில் இருந்து நூரா ஓடிவந்து, கோப்பையை இப்படி விரலால் ஆட்டிக் கொடுக்க வேண்டும், அதுதான் போதும் என்கிற அடையாளம், ஆட்டாவிட்டால் விடியும்வரை ஊற்றுவான் என்று சொன்னாள்.

“ஏன் சொல்லவில்லை?” என்று அபு சாலிம் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

“சொன்னனான்! தமிழில சொன்னனான்!” என்றார் அப்பா.

அன்று அவருக்கு அலாரம் தேவைப்படவில்லை. அவர் படுத்தால்தானே.

ஆருடைய அப்பா

எங்கள் ஆட்களும் தாய் தகப்பனைப் பிள்ளையின் பேரால்தான் கூப்பிடுவார்கள். அப்பா எல்லோருக்கும் “ஜெனிட அப்பா”. கோயிலிலும் அப்படித்தான், சான்ட்ரிங்ஹாம் சாமான் கடையிலும் அப்படித்தான். “அன்டன்ர அப்பா” என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. கெட்ட எண்ணத்தில் இல்லை. புண்ணை மறைத்துத் துணி போடுகிற மாதிரி. அப்பாவும் ஒன்றும் சொன்னதில்லை.

பெதூயின் ஆட்களுக்கும் அதே பழக்கம். அபு என்றால் தகப்பன். அபு சாலிம், சாலிமின் தகப்பன். முதல் நாளே அவர் அப்பாவிடம் கேட்டார்.

“பேர்?”

“செபஸ்தியான்.”

அவர் கையை ஆட்டி அதை ஒதுக்கினார். “மகன் பேர்?”

“அன்டன்.”

“அபு அன்டன்” என்று தோளில் தட்டினார்.

அப்பா வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்தினார். உள்ளே நின்று மெல்லமாக “அபு அன்டன்” என்று ஒருக்கால் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்துச் சொல்லியிருப்பார். எனக்கு வெளியே கேட்டது. அதைப் பற்றி நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது இருக்கிறது.

ஒரு மழை ஞாயிறு அபு சாலிம் தன் கதையைச் சொன்னார். நூரா மொழிபெயர்த்தாள். அங்கே அவருக்கு அடுத்த மகன் பிறந்தான், காலித் என்று பேர், சுகமான பிள்ளை. உடனே ஆட்கள் அவரை “அபு காலித்” என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்களாம். அன்பாகத்தான். அவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் தங்கள் கூட்டத்துத் தலைவரின் கூடாரத்துக்குப் போனார். கோப்பி கொடுத்தார்கள். வாங்கித் தனக்கு முன்னால் மணலில் வைத்தார்.

அவர்களிடம் அப்படி ஒரு முறை. பெரிய விஷயம் ஒன்றைக் கேட்க வந்தவன் கோப்பியைக் குடிக்கமாட்டான், கீழே வைப்பான். என்ன வேண்டும் என்று வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும். தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் அவன் கையில் எடுப்பான். குடிக்காமல் எழும்பிப் போனால் அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய குறை இல்லை.

“என்ன வேணும், பெண்ணா, ஒட்டகமா?” என்றாராம் தலைவர்.

“என் பேர் வேணும். நான் சாலிமின் தகப்பன்.”

கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தலைவர் தன் கோப்பியை மெல்ல மெல்லக் குடித்து முடித்தாராம். பிறகு, “குடி, அபு சாலிம்” என்றாராம்.

அப்பா கதை முழுக்கக் குனிந்த தலையோடு கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அதுக்கிடையில கோப்பி ஆறியிருக்குமே?”

“ஐஸ்” என்றார் அபு சாலிம்.

ஆடு மேய்கிற மலை

ஒக்லாந்துக்காரருக்குத் தெரியும், நகரத்துக்கு நடுவிலேயே செம்மறி ஆடு மேய்கிற ஒரு மலை இருக்கிறது. அபு சாலிம் ஒவ்வொரு விடியலும் சாலிமை அங்கே நடத்திக் கூட்டிப்போவார். இந்த ஊரில் சாலிமின் கால் தானாக நிற்கிற ஒரே இடம் அதுதான். ஆடுகளைக் கண்டால் நிற்பான். அவனைக் கண்டால் ஆடுகள் ஓடாது.

அப்பாவுக்கு லீவு நாளில் நாங்களும் போவோம். பனி காயாத புல்லில் காற்சட்டை முழங்கால்வரை நனையும். அப்பா பேக்கரிப் பாணைக் கொண்டுவருவார். இரண்டு தகப்பன்மாரும் கல்மதிலில் இருந்து, ஒருவர் அரபியிலும் ஒருவர் தமிழிலும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். என்னதான் விளங்கிச்சோ. அன்டன் ஆடுகளுக்குப் பேர் வைப்பான். கொழுத்த கிழட்டு ஆடு ஒன்றுக்குப் பெரியம்மா என்று பேர். இதைப் பெரியம்மா வாசித்தால் மன்னிக்க வேணும். அது அன்டனுக்கு ஆகப் பிடித்த ஆடு.

அடக்கத்தன்று குழிக்கு மண் போட ஆட்கள் தயங்கி நின்றபோது அபு சாலிம்தான் மேலங்கியைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். முடிந்ததும் நெஞ்சில் கை வைத்து “அபு அன்டன்” என்றார். நான் அதுவரை அழாமல்தான் நின்றேன்.

திரும்பவும் அந்தக் கோப்பை

தேத்தண்ணியில் ஆடை பிடித்துவிட்டது.

பெரியம்மா கண்ணாடிக் கிளாஸில் ஒரேஞ் சோடா கொண்டுவந்தார். அதையும் அபு சாலிம் நன்றி சொல்லி வாங்கித் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தார். ரயிலில் வந்த களைப்பு, உதடு காய்ந்துபோய் இருந்தது. சாலிம் அன்டனோடு ஒட்டி இருந்து, வாசலில் கிடந்த அவனுடைய சப்பாத்தை மடியில் வைத்து, நாடாவைத் தடவித் தடவி மணியைத் தேடிக்கொண்டிருந்தான்.

பெரியப்பாவின் கழுத்து சிவந்துவிட்டது. எங்கள் முறையில் ஒரு வீட்டில் தண்ணி குடிக்க மறுத்தால் பகை என்றுதான் அர்த்தம்.

“உவர் என்ன, சண்டைக்கோ வந்தவர்?”

“இல்லப் பெரியப்பா. கேக்க வந்திருக்கிறார்.”

“என்ன கேக்க?”

“அதை நீங்கதான் அவரிட்டக் கேக்கோணும். நீங்க தாறன் எண்டு சொன்னாத்தான் குடிப்பார். அது அவையின்ர முறை.”

“நான் மாட்டன் எண்டா?”

“குடிக்காமப் போவார்.”

“ஐயோ, வீடு தேடி வந்த மனிசன் தொண்டை நனையாமப் போறதோ?” என்றார் பெரியம்மா. “இஞ்சருங்கோ, என்னெண்டு கேளுங்கோவன். கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவியளோ?”

பெரியப்பா கதிரையில் முன்னுக்கு வந்து இருந்தார். “வட் யூ வோன்ட்?”

“அன்டன்” என்றார் அபு சாலிம்.

“வட்?”

“கிவ் மீ அன்டன்.”

பிறகு மெல்ல மெல்ல, சொல் தேடித் தேடிச் சொன்னார். ரயிலில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். அவருடைய உடைந்த இங்கிலீஷை எங்கள் பாஷையில் எழுதுகிறேன்.

“அன்டன் போன நாளில இருந்து சாலிம் நடக்கிறானில்லை. கதவடியில இருக்கிறான். மலைக்கு வாறானில்லை. சாப்பிடுறானில்லை. எனக்கு அன்டன் வேணும். காலமை மட்டும். அக்கா வேலைக்குப் போகட்டும். அன்டன் என்னோட மலைக்கு வரட்டும். ஆடு பாக்கட்டும். பிறகு ஸ்கூல் வான். பின்னேரம் அவன்ர வீடு, அவன்ர அக்கா. வேற ஒண்டும் கேக்கேல்ல.”

அவர் எனக்காகக் கதைக்க வந்திருக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உதவி செய்கிறேன் என்று வந்திருந்தால் பெரியப்பா வாசலோடேயே நன்றி சொல்லி அனுப்பியிருப்பார். இவர் தன் பிள்ளைக்காகக் கையேந்தி வந்திருந்தார். அது உண்மையும்தான். சாலிமின் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பெரியப்பா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“ஜெனி, இவர் ஆர் எங்களுக்கு? கூடப்பிறந்த அண்ணன் இருக்க, பிள்ளையை அரபிக்காரன்ர கையில குடுத்திட்டான் எண்டு சனம் சொல்லாதோ?”

“ஹோமில குடுத்தாச் சொல்லாதோ பெரியப்பா?”

அவர் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்தார்.

“நீங்க என்ன சொன்னாலும் நான் அவனை விட்டிட்டு இருக்கமாட்டன். தெற்கால கொண்டுபோனா நானும் அந்த ஊருக்குப் போய், அங்க எவன்ர வீட்டிலயெண்டாலும் கோப்பை கழுவுவன். ஆனா இவர் கேக்கிறதைக் குடுத்தா நாங்க எங்கட வீட்டிலயே இருக்கலாம்.”

“அவள் சொல்லுறதும் சரிதானே” என்றார் பெரியம்மா.

“நீ சும்மா இரு.” பெரியப்பா அபு சாலிமைப் பார்த்தார். “உனக்கேன் இவ்வளவு கரைச்சல்?” என்பதை எப்படியோ இங்கிலீஷில் கேட்டார்.

அபு சாலிமுக்கு அரைவாசிதான் விளங்கியிருக்கும். “அபு அன்டன், மை பிரதர்” என்றார்.

“ஹூ?”

“அப்பாவைச் சொல்லுறார்” என்றேன். “அன்டன்ர அப்பா எண்டு அர்த்தம். அங்க அவை எல்லாரும் அப்பாவை அப்பிடித்தான் கூப்பிடுவினம்.”

“செபஸ்தி ஒண்டும் சொல்லுறேல்லையோ, அப்பிடிக் கூப்பிட?”

“அப்பாக்கு விருப்பம் பெரியப்பா. முதல் நாள் பாத்ரூமைச் சாத்திப்போட்டுத் தனியச் சொல்லிப் பாத்தவர்.”

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சேர்ட் நுனியால் துடைத்தார். திரும்பப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். அன்டன் எழும்பிப் போய் அந்தக் கண்ணாடியை வாங்கி அவர் முகத்தில் கோணலாக மாட்டிவிட்டான். அப்பாவுக்கு எப்போதும் செய்கிற வேலை அது.

பெரியப்பா எழும்பிப் போய் ஃபோனை எடுத்தார். நம்பரை அமத்தினார்.

“ஹலோ. அன்டன்ஸ் ஃபாதர்ஸ் பிரதர் ஸ்பீக்கிங்.”

மிச்சம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. முதல் வசனத்திலேயே நின்றுவிட்டேன். பையன் அக்காவோடு இருப்பான், பொறுப்பு நான் நிற்கிறேன், திங்கள் இங்கே வரத் தேவையில்லை, சான்ட்ரிங்ஹாம் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று சொன்னாராம். பெரியம்மா பிறகு சொன்னார்.

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து விரலை நீட்டினார். “ஞாயிறு ஞாயிறு வந்து பாப்பன். ஏதும் பிழைச்சுதோ, ரெண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வந்திடுவன்.”

“வாங்கோ பெரியப்பா. பாண் வச்சிருப்பன்.”

அவர் அபு சாலிமுக்கு முன்னால் வந்து நின்றார். “ட்ரிங்க்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ட்ரிங்க், அபு சாலிம்.”

“பொறுங்கோ, ஆறிப்போச்சு, சூடாப் போட்டுத் தாறன்” என்று பெரியம்மா குனிந்தார். அபு சாலிம் விடவில்லை. அந்தக் கோப்பையைத்தான் எடுத்தார். ஆடையோடு ஒரே இழுவையில் குடித்து முடித்து, கோப்பையை விரலால் ஆட்டி நீட்டினார்.

“பாத்தியே, இன்னும் கேக்கிறார்!” பெரியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய்க் கேத்தலோடு வந்து நிறைய ஊற்றினார். அவர் குடித்தார். ஆட்டினார். பெரியம்மா ஊற்றினார். எங்கள் தேத்தண்ணியின் சீனி அவருக்குக் கண்ணைக் கட்டியிருக்கும். குடித்தார். ஆட்டினார். நெற்றியில் வேர்வை வந்துவிட்டது.

நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அப்பா அந்த மெத்தையில் இருந்து வேர்க்க வேர்க்கக் குடித்துக்கொண்டிருந்தது எனக்கு முன்னால் நின்றது.

அன்டன்தான் எழும்பினான். போய்க் கோப்பையின் வாயை உள்ளங்கையால் பொத்தினான்.

“காணும்” என்றான். “காணும் பெரியம்மா.”

சாலிம் வந்து கோப்பையைத் தகப்பனின் கையில் இருந்து வாங்கினான். கோப்பையை வாங்குவது அவனுடைய வேலை.

நாங்கள் பின்னேர ரயிலுக்கே வெளிக்கிட்டோம். அப்பாவின் ஜாக்கெட்டை நான் போட்டுக்கொண்டேன், விடியற்காலை பேக்கரிக்குப் போகும்போது குளிரும். இதை எழுதுகிற இன்றும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். வாசலில் அன்டனுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, “நில்” என்றார் பெரியப்பா.

உள்ளே லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்டது. மணியோடு வந்தார். முழங்காலை மடித்து, அந்தப் பழுப்புக் கார்ப்பெட்டில் இருந்து, அன்டனின் காலைத் தன் தொடையில் தூக்கி வைத்தார். நாடாவில் கோத்து, ஒன்றுக்கு இரண்டு முடிச்சாக இறுக்கினார்.

“எங்க, ஆட்டு பாப்பம்” என்றார்.

அன்டன் ஆட்டினான்.